ஒன்பது செக்பொயின்டுக்கு எத்தனை பல்?

சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. "என்னமோ சத்தம் கேக்குது" என்று கொண்டுவந்து சாத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் ஒரு ரகம். என்ன பழுது, எதைக் கழற்ற வேண்டும், எந்தச் சாவி போட வேண்டும் என்று எனக்கே வகுப்பு நடத்துகிறவர்கள் மற்ற ரகம். இந்த இரண்டாவது ரகத்தைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. கொட்டாஞ்சேனையில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் இருந்த கடையில் பதினாறு வருடம் கிரீஸ் பூசிய கையோடு நின்றவன் நான். எனக்குப் பாடம் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் நல்லாக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மிஸ்ஸியிடம் மட்டும்தான் அந்த வாய் செல்லவில்லை.

மிஸ்ஸி என்பது அவர் பெயர் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ்மாரை அந்தக் காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது அவரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய உண்மையான பெயர் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை வழியில் நின்ற ஆமிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் அடையாள அட்டையை வாங்கி வாசித்தார்கள் அல்லவா! எனக்குத் தெரியாது. நாலு வருடம் பழகியும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் தடவை அவர் கடைக்கு வந்த காலை நான் அப்போதுதான் கதவுப் பலகைகளைக் கழற்றி முடித்திருந்தேன். ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வந்து நின்றது. வெள்ளைச் சேலை, முன் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். காலில் வெள்ளைக் கான்வஸ் சப்பாத்து. முன் கூடையில் ஒரு பிஸ்கட் டின், வாயகன்ற ஒரு பிளாஸ்க். வயது அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று இருக்கும். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த முதுகு.

"தம்பி, பின் பிரீவீல் பதினெட்டுப் பல்லு. இருபது போட வேணும். இருக்கோ?"

சைக்கிள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின் சக்கரத்தின் நடுவில் செயின் ஓடுகிற சின்னப் பல் வட்டம்தான் பிரீவீல். அதில் பல் கூடக்கூட மிதிக்க லேசாக இருக்கும், ஆனால் அதே வேகத்தில் போக அதிகம் மிதிக்க வேண்டும். கியர் இல்லாத சைக்கிளில் இது ஒன்றைத்தான் மாற்ற முடியும். வயசானவர்கள் சில பேர் மாற்றச் சொல்லிக் கேட்பார்கள். கேட்கும்போதே கொஞ்சம் வெட்கப்படுவார்கள். இந்த அம்மாவோ கடையில் சீனி கேட்கிற மாதிரிக் கேட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "பல்லைக் கூட்டினா வேகம் செத்துப்போயிருங்க அம்மா," என்றேன். "கொழும்புல எங்கங்க மேடு? இந்த ஒரு ஏத்தந்தான். இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்களேன். வயசாயிட்டா எல்லாரும் தள்ளத்தானே செய்றாங்க?"

அவர் கோபிக்கவில்லை. "மேட்டை ஆர் கதைச்சது?" என்றார். "செக்பொயின்ற் ஆறு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கையை மடக்கி மடக்கிச் சொன்னார். "ஓடிக்கொண்டிருக்கிற சைக்கிள் தன்ர பாட்டில ஓடும், தம்பி. நிண்ட சைக்கிளை வெளிக்கிடுத்துறதுதான் பாரம். ஒவ்வொரு செக்பொயின்றுக்கும் முன்னால இறங்கோணும், தள்ளோணும், ஐசி அட்டை காட்டோணும், தாண்டித் தள்ளிக்கொண்டு போய் திரும்ப ஏறோணும். வரேக்க ஆறு, போகேக்க ஆறு. பன்ரெண்டு தரம் இந்த முழங்கால் என்ர முழுப் பாரத்தையும் தூக்குது. போன வருசம் செக்பொயின்ற் மூண்டு. அப்ப பதினெட்டுப் பல்லுக் காணும். இப்ப காணாது."

மேட்டுக்காகப் பல் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் பெட்டி ஏற்றுகிறவன் பாரத்துக்காகக் கேட்பான், கடலோரம் போகிறவன் காற்றுக்காகக் கேட்பான். ஆமியை எண்ணிப் பல் கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் பெரிதாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினேன். அரைவாசி வேலையில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தம்மா மீது இல்லை.

பூட்டி முடித்ததும் இருபது பல் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. ஒரு தீக்குச்சியை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். பிறகு பின் டயரில் சோக்கால் ஒரு கோடு போட்டார். சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பெடலை ஒரு சுற்று மட்டும் சுற்றி, அந்தக் கோடு எத்தனை தரம் வருகிறது என்று பார்த்தார். முதலில் இரண்டே முக்கால் தரம் வந்ததாம், இப்போது இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. "சரி," என்றார். எனக்குச் சரியான எரிச்சல்.

எண்ணாமல் அவர் எதையும் செய்ய மாட்டார். ஊசியில் கோடு எண்ணி எண்ணி மருந்து ஏற்றியே ஆயுசு போனவர் என்றால் அப்படித்தான் இருக்கும் போலும். சலரோகக்காரர்களுக்கு இன்சுலின் போடுவதுதான் அவர் வேலை. நோயாளிகள் எத்தனை இடியப்பம் சாப்பிடலாம் என்று எண்ணிச் சொல்வார். ஏற்றத்தின் மேலே அவர் போகும் வீட்டு மாடிப்படி பதினேழு என்று என்னிடம் சொன்னார். நான் அந்த வீட்டுக்கு நூறு தரம் போயிருப்பேன், எனக்குத் தெரியாது. ஒரு தரம் என் மனைவி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். சீனி எவ்வளவு என்று கேட்டதற்கு, "முக்கால் கரண்டி, தட்டி விட்டு" என்றார். அவர் போன பிறகு என் மனைவி, "இந்தம்மா மூச்சு விடுறதையும் எண்ணித்தான் விடுவாங்களோ?" என்று கேட்டாள். "கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை" என்பது அவர் அடிக்கடி சொல்வது. மருந்துக்கும் அதைத்தான் சொல்வார், டயரில் காற்றுக்கும் அதைத்தான் சொல்வார்.

அந்த வருடங்களில் வெள்ளவத்தை முழுக்க யாழ்ப்பாணத்து வயசான தாய் தகப்பன்மார். பிள்ளைகள் வெளிநாட்டில், இவர்கள் விசாவுக்காகக் காத்துக்கொண்டு அடுக்குமாடிப் பிளட்டுகளில் இருந்தார்கள். பாதிப் பேருக்குச் சலரோகம். மிஸ்ஸியும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்தான். விடிந்ததும் வெள்ளவத்தையில் மூன்று பேருக்கு ஊசி போட்டுவிட்டு, காலி வீதி வழியாகப் புறக்கோட்டை தாண்டி கொட்டாஞ்சேனைக்கு வருவார். இங்கே அவருக்கு ஒரே ஒரு நோயாளி. ஏற்றத்தின் மேல் மாடி வீட்டில் தனியாக இருந்த ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முன்பு அவருக்கு ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளையை ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறக்கி இரண்டு நாள் பொலிஸில் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை பிறகு இந்தப் பக்கமே தலைவைத்துப் பார்க்கவில்லை. ஊசி போட்டால்தான் மனிதர் காலைச் சாப்பாடு சாப்பிடலாம். ஏழேகாலுக்கு மிஸ்ஸியின் சைக்கிள் என் கடையைத் தாண்டும். ஏழு இருபதுக்கு மாடி ஜன்னல் திறக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்.

"பஸ்ல வரலாமேங்க?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"பஸ்ஸில வந்தா செக்பொயின்றில எல்லாரையும் இறக்குவாங்கள். மற்ற ஆக்கள் திரும்ப ஏறுவினம். என்னை ஒரு பக்கத்தில நிப்பாட்டி வைப்பாங்கள். பஸ் எனக்காண்டி நிக்குமோ? சைக்கிள் நிக்கும்."

என்னையும் அப்படி இரண்டு தரம் நடுரோட்டில் விட்டுவிட்டுப் பஸ் போயிருக்கிறது. நான் மலைநாட்டில் தோட்டத்தில் பிறந்தவன், யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை என்று எத்தனை சொன்னாலும் அட்டையில் தமிழ்ப் பெயர் தமிழ்ப் பெயர்தானே.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் அம்மாமார் எல்லோரும் சைக்கிள் ஓடினார்களாம். கொழும்பில் அந்த வழக்கம் இல்லை. சேலையோடு ஒரு பெண் சைக்கிளில் போனால் பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். மிஸ்ஸி யாரையும் பார்க்க மாட்டார். ஆமிக்காரர்களுக்கு அவர் பழகிப்போனவர். வேலை பார்த்த காலத்தில் தெற்கில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்ததால் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். ஆமிக்காரன் கேட்பதற்கு முன்பே டின்னைத் திறந்து ஊசிகளைக் காட்டி, "பெஹெத், மல்லி" என்பார். மருந்து, தம்பி என்று அர்த்தம். ஒரு தரம் புறக்கோட்டையில் ஒரு ஆமிப் பெடியனுக்கு முழங்கையில் புண் என்று அங்கேயே மண்மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கழுவிக் கட்டிவிட்டு வந்தார். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்கு எதுக்குங்க நீங்க மருந்து போடணும்?"

"புண்ணுக்குப் போட்டனான்," என்றார். சொல்லிவிட்டு டயரை அமுக்கிப் பார்த்தார்.

அவருக்குக் கோபம் என்ற ஒன்று உண்டா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும். செக்பொயின்டைப் பற்றி அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. எத்தனை என்று மட்டும் சொல்வார். நான்தான் அவருக்கும் சேர்த்துத் திட்டுவேன். லண்டனில் இருந்த மகள் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நாள் போய்விட்டார் என்றுதான் கேள்வி. அங்கே சைக்கிளில் விசையைத் தட்டினால் கியர் தானாக மாறும் என்று, அவர் இங்கே இருந்தபோது நான் ஒரு தரம் சொன்னேன். "அப்ப எண்ணத் தேவையில்லையோ?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

நகரத்துக்குள் பெரிய குண்டு ஒன்று வெடித்த பிறகு செக்பொயின்டுகள் மழைக்கால ஈசல் மாதிரி முளைத்தன. மிஸ்ஸியின் கணக்கு ஒன்பதுக்கு வந்தது. இடது முழங்கால் வீங்கிவிட்டது. காலையில் என் கடைக்கு எதிரே, ஏற்றத்துக்கு முன்னால் புதிதாக வந்த செக்பொயின்டில் இறங்கி, தாண்டி வந்து ஏறுவதை நான் தினமும் பார்ப்பேன். தந்திக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பெடலை மேலே கொண்டுவந்து காலை வைப்பார். சைக்கிள் ஓரடி நகர்ந்து நின்றுவிடும். மறுபடியும் கம்பம். ஒரு நாள் நாலு தரம் முயன்றார். உதவிக்குப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அன்று ஸ்டேஷன் மாஸ்டரின் ஜன்னல் ஏழரைக்குத்தான் திறந்தது.

திரும்பி வரும்போது கடையில் நிறுத்தினார். "இருபத்திரண்டு போடும், தம்பி."

என்னிடம் இருபத்திரண்டு இருந்தது. ஆனால் பழைய சாமான் பெட்டிக்குள் இருபத்துநாலு பல் ஒன்றும் கிடந்தது. கொழும்பில் லேசில் கிடைக்காத சாமான். எனக்கு அந்த முழங்காலைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்கவில்லை. இரண்டு பல் கூடினால் என்ன, குடியா முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். செயினில் இரண்டு கண்ணி சேர்த்து இருபத்துநாலையே பூட்டினேன். இருபத்திரண்டு என்று சொன்னேன். அவருக்கு நேரமாகிவிட்டது போலும், அன்று தீக்குச்சி எடுக்கவில்லை. ஏறி மிதித்தார். சைக்கிள் வெண்ணெயில் கத்தி மாதிரிக் கிளம்பியது. தெரு முனையில் திரும்பிப் பார்த்து எனக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். அதற்கு முன் அப்படிச் செய்ததே இல்லை. எனக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

பத்து நாள் அப்படிப் போனது. கம்பத்தைப் பிடிப்பது இல்லை, இரண்டாம் முயற்சி இல்லை. ஒவ்வொரு செக்பொயின்டிலும் போன நேரத்தை இடைவெளியில் பிடிக்க வேண்டும் என்பதால் வேகமாக மிதிப்பார். பல் கூடிய சைக்கிள் அல்லவா, கால்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் போகும். எனக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

பதினோராவது நாள் ஏழேகாலுக்கு மிஸ்ஸி வரவில்லை. ஏழரைக்கும் இல்லை. எட்டு மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார். ஒன்பது மணிக்கு நான் கடையை விட்டுவிட்டு மேலே ஏறினேன். மேசையில் மூடி வைத்த இடியப்பத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்ஸி லேட்," என்றார், ரயிலைச் சொல்கிற மாதிரி.

"நீங்க கொஞ்சம் சாப்பிடுங்களேன் சார்."

"ஊசி போடாமல் எப்பிடி ஐசே சாப்பிடுறது? அவ வருவா."

"ஆஸ்பத்திரிக்குப் போவோமா? நான் கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு செக்பொயின்ற் தாண்டோணும். இங்க தங்க எடுத்த பொலிஸ் பதிவு போன மாசத்தோட முடிஞ்சுது. போனா நான் ஆஸ்பத்திரியில இருக்க மாட்டன், வேற இடத்தில இருப்பன்." சிரிக்கப் பார்த்தார். உதடு காய்ந்து போயிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி போனேன். மூன்று செம்பு தண்ணீர் குடித்திருந்தார், இன்னும் தாகம் என்றார். பேச்சு நடுவில் நின்று நின்று வந்தது. ஒரு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். கூப்பிட்டால் "ம்ம்" என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பொலிஸ் பிடித்தாலும் பரவாயில்லை, மனிதரைத் தூக்கி ஒரு ஆட்டோவில் போட்டுவிடுவோம் என்று நான் கீழே இறங்கியபோது இரண்டே கால். சந்தியில் மிஸ்ஸி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சேலையின் ஒரு பக்கம் முழுக்கத் தார் அழுக்கு. உள்ளங்கையிலும் முழங்கையிலும் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"சாப்பிட்டாரோ?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லீங்க. கண்ணைத் திறக்க மாட்டேங்குறாரு."

பதினேழு படியையும் நிற்காமல் ஏறினார். கையைக் கழுவினார். ஸ்டேஷன் மாஸ்டரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். மருந்துக்கு ஐஸ் போட்டு வைக்கும் பிளாஸ்க் உடைந்திருந்தது, ஆனால் மருந்துக் குப்பி தப்பியிருந்தது. வழக்கமான கோட்டுக்கு மேலே ஏற்றி, மறுபடி ஒரு கோடு இறக்கி, ஊசியைப் போட்டார். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒரு தரம் விரலில் குத்திப் பார்த்தார். நாலு மணிக்கு மனிதர் கண்ணைத் திறந்து சுவரில் மணிக்கூட்டைத் தேடினார்.

"எட்டு மணித்தியாலமும் நாப்பது நிமிசமும் லேட்," என்றார் மெதுவாக.

"ஓம் மாஸ்டர்," என்றார் மிஸ்ஸி. "இனி அப்பிடி வராது."

நான் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது, அழுதேன்தான்.

கீழே கடைக்கு வந்த பிறகுதான் மிஸ்ஸி நடந்ததைச் சொன்னார். அதற்கு முதல் நாள் எங்கேயோ என்னவோ வெடித்ததால் அன்று காலை எல்லோரும் பதற்றமாக இருந்தார்கள். வரும் வழியில் கொள்ளுப்பிட்டியில் கால் மணித்தியாலம் மறித்து வைத்துவிட்டார்கள். அந்தக் கால் மணித்தியாலத்தைப் பிடிக்கத் தலையைக் குனிந்து மிதித்திருக்கிறார். அடுத்த செக்பொயின்டில் பழைய ஆள் இல்லை, புதுப் பெடியன். கூடையில் டின்னும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு, கால் இரண்டும் சுழலச் சுழல ஒரு ஆள் தன்னை நோக்கிப் பாய்ந்து வருவதை அவன் தூரத்திலிருந்து கண்டிருக்கிறான். "நவத்தன்ன!" என்று கத்தினானாம். நிறுத்து என்று. கத்தும்போதே சுடத் துவக்கை நீட்டிவிட்டான். இவர் இரண்டு பிரேக்கையும் பிடித்து விழுந்தார். விழுந்த இடத்திலேயே கையை நீட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தார். டின் திறந்து பாதி ஊசிகள் ரோட்டெல்லாம் சிதறின. பிறகு பொலிஸ், விசாரணை, யாரோ ஒரு டொக்டரின் கடிதம், விட்டபோது ஒரு மணி.

"அவன் கை நடுங்கினது, தம்பி," என்றார். "சின்னப் பெடியன். சுட்டிருப்பான். ஏன் ஓடினாய், ஏன் ஓடினாய் எண்டு திரும்பத் திரும்பக் கேட்டான். நான் ஓடேல்லை, என்ர வேகமே அவ்வளவுதான் எண்டு சொன்னன். உன்ர கால் ஓடினது, நான் கண்டனான் எண்டான்."

"மிஸ்ஸி, அது... நான் போட்டது இருபத்திரண்டு இல்லீங்க."

"இருபத்துநாலு. தெரியும்."

"தெரியுமா?"

"அண்டைக்குப் பின்னேரமே வீட்டை போய் எண்ணினனான். அடுத்த நாள் கொண்டுவந்து மாத்தியிருக்கோணும். காலுக்குச் சுகமாக் கிடந்தது. அதால பேசாமல் இருந்திட்டன்." மேசை மேல் இருந்த துணியால் கையில் காய்ந்திருந்த இரத்தத்தைத் துடைத்தார். "பத்து நாள், தம்பி. பத்து நாளும் நல்ல சுகம்."

அவர் வாயிலிருந்து சுகம் என்ற சொல்லை நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இருபத்திரண்டு பூட்டும்," என்றார்.

பூட்டினேன். விலை பேசவோ வேறு வேலை பார்க்கவோ எனக்கு மனம் இல்லை. பூட்டி முடித்ததும் அவர் தீக்குச்சியும் எடுக்கவில்லை, சோக்கும் கேட்கவில்லை. செக்பொயின்டுக்கு மறு திசையில் இருந்த சந்தியைக் கையால் காட்டினார். எங்கள் தெரு அங்கிருந்து நேராகத் தெரியும், ஒரு நூறு யார் தூரம் இருக்கும்.

"நீர் அங்க போய் நில்லும். உம்மைச் சென்ரியில நிக்கிற ஆமிக்காரன் எண்டு நினைச்சுக்கொள்ளும். நான் காலமை வாற வேகத்தில வாறன். ஆரோ பாய்ஞ்சு வாற மாதிரித் தெரியுதோ எண்டு பார்த்துச் சொல்லும்."

இந்த மாதிரி ஒரு வேலையை எனக்கு யாரும் தந்ததில்லை. கையில் பம்ப்பைப் பிடித்துக்கொண்டே போய் நின்றேன். நின்றதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தூரத்தில் சைக்கிள் கிளம்பியது. சுலபமாகத்தான் கிளம்பியது. வெள்ளைச் சேலை, குனிந்த தலை, முன் கூடையில் ஏதோ பெட்டி. முகம் தெரியவில்லை. முழங்கால்கள் இரண்டும் படபடவென்று மேலே வருவது மட்டும்தான் தெரிந்தது. மிஸ்ஸி என்பதை மறந்துவிட்டுப் பார்த்தேன். பயமாக இருந்தது.

பக்கத்தில் வந்து இறங்கினார். "என்ன?"

ஒன்றும் தெரியலீங்க என்று சொல்லிவிட நினைத்தேன். சொன்னால் இருபத்திரண்டோடு விட்டுவிடுவார், அந்த முழங்காலுக்கு அது போதும். ஆனால் அவருக்கு நல்லது செய்கிறேன் என்று ஒரு பொய் ஏற்கெனவே சொல்லி, அதற்குப் பலனையும் பார்த்தாயிற்று.

"தெரியுதுங்க," என்றேன். "வேகமா ஓடி வர்ற மாதிரித்தான் தெரியுது."

"அப்ப இருபது."

"இருபதுல உங்களால கிளம்ப முடியாதுங்க! நான் தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? நாலு தரம் கம்பத்தைப் பிடிச்சீங்களே!"

"போடும், பாப்பம்."

பழைய இருபதை எடுத்துத் துடைத்துப் பூட்டினேன். செயினில் சேர்த்த கண்ணிகளைக் கழற்றினேன். மறுபடியும் சந்திக்குப் போய் நின்றேன். முதல் தரம் காலை வைத்தார், சைக்கிள் நகரவில்லை. இரண்டாம் தரம் ஓரடி. மூன்றாம் தரம் கம்பத்தை ஒரு தள்ளுத் தள்ளிக் கிளம்பிவிட்டார். வந்தார். நல்ல வேகம்தான், ஆனால் கால்கள் நிதானமாக இறங்கி ஏறின. தலை நிமிர்ந்திருந்தது. நூறு யார் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு அவசரமும் தெரியவில்லை. பக்கத்தில் வந்தபோதுதான் கீழ் உதட்டைப் பல்லால் பிடித்திருந்ததைக் கண்டேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"யாரோ ஒரு வயசான அம்மா சாவகாசமா சைக்கிள்ல வர்றாங்க. அவ்வளவுதாங்க."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப இது சரி."

நான் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒவ்வொரு தரமும் நோகுமேங்க, மிஸ்ஸி. ஒன்பது தரம்!"

"பதினெட்டு," என்று திருத்தினார். "நோகிறது எனக்கு மட்டும்தான் தெரியும், தம்பி. கால் சுத்துறது றோட்டு முழுக்கத் தெரியுது. இறுக்கிப் பூட்டும்."

நான் இறுக்கிப் பூட்டினேன்.